வலது காதுக்கு ஒரு மோல்டு

என்னுடைய வலது காதின் துவாரம் இடது காதினுடையதைவிடச் சின்னது. போதாக்குறைக்குக் கொஞ்சம் கோணல். இருபத்தொன்பது வயது வரை இது எனக்குத் தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது? தோடு போட மடல் இருந்தால் போதும், கூப்பிட்டால் கேட்டால் போதும். துவாரம் வட்டமா நீளமா என்று யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்?

பாட்டுதான் அதைப் பார்க்க வைத்தது.

அப்போது விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பொம்மைப் பட்டறையில், ஃபினிஷிங் மேசையில் வேலை பார்த்தேன். மோல்டைப் பிரித்து எடுக்கிற ஈரப் பொம்மையின் இரண்டு விலாவிலும் ஒரு கோடு ஓடும். மோல்டின் இரண்டு பாதிகளும் சேர்ந்த இடம் அது. அதைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து, அப்படியொரு கோடு இருந்ததே தெரியாமல் ஆக்குவது என் வேலை. யானை, வாத்து, குடம் சுமக்கும் பெண். கொட்டகையின் அந்தக் கோடியில் பால் மில் சுற்றிக்கொண்டேயிருக்கும். பெரிய இரும்புப் பீப்பாய், உள்ளே கல் உருண்டைகள் புரண்டு புரண்டு மண்ணை அரைக்கும். காலையில் அந்தச் சத்தத்துக்குள் நுழைந்தால் பத்து நிமிஷத்தில் அது சத்தமாகத் தெரியாது. காற்றே இப்படித்தான் போலிருக்கிறது என்று தோன்றிவிடும். எங்கே பார்த்தாலும் வெள்ளைத் தூசு. கூரை ஓட்டையில் இறங்குகிற வெயில்கூட மாவு பூசியதுபோல் இருக்கும். கை தன்பாட்டுக்கு வாத்தைத் துடைக்க, மனசு எங்கேயோ மிதந்துகொண்டிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடற்குழு. எட்டு வருஷமாகப் பாடிக்கொண்டிருந்தேன். எட்டு வருஷமும் மூன்றாவது வரிசையில், பதினைந்து பேரோடு பதினாறாவது ஆளாக. நான் வராத வாரம் யாரும் "ஏன் வரல?" என்று கேட்டதில்லை. பாட்டில் ஒரு குறையும் தெரிந்திருக்காது. அதை நினைத்தால் சில நாள் சிரிப்பு வரும், சில நாள் வராது.

எங்களுக்குக் கீபோர்டு வாசித்துப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர் கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியார். மாஸ்டர் என்போம். வாரம் ஒருநாள்தான் வருவார். ஒரு ஞாயிறு, பூசை முடிந்து எல்லோரும் கலைகிற நேரத்தில் என்னைக் கூப்பிட்டார்.

"திருவிழாவுக்கு அஞ்சு வாரம் இருக்குது. காணிக்கைப் பாட்டுல ரெண்டாங் குரலு நீங்க பாடுறீங்களா?"

இரண்டாம் குரல் என்றால், எல்லோரும் மேலே ஒரு வழியில் பாடும்போது அதே வார்த்தையைக் கீழே வேறொரு வழியில் பாடுவது. மேலே ஏறுகிறபோது இது ஏறாது. மேலே நிற்கிறபோது இது நகரும். அதுவரை அதைப் பாடியவர் கல்யாணமாகிப் பெங்களூருக்குப் போய்விட்டார்.

"நானா மாஸ்டர்?"

"ஒங்க கொரலுக்குக் கீழ எடம் இருக்குது. நீங்கதான் மேல போயி முட்டிக்கிட்டு நிக்கிறீங்க."

இந்த ஒரு வாக்கியத்தை நான் பட்டறைக்குக் கொண்டுபோய் ஒரு வாரம் வைத்துக்கொண்டு பார்த்தேன். நான் பள்ளிக்கூடம் ஒழுங்காக முடிக்காதவள். எனக்குப் படிப்பென்பது மனிதர்கள் வாயிலிருந்து விழுவதுதான். நல்லதாக ஒன்று விழுந்தால் பொறுக்கி வைத்துக்கொள்வேன்.

ஆனால் மாஸ்டர் அதோடு நிறுத்தவில்லை. "திருவிழாவுக்கு முந்தின ஞாயித்துக்கெழம பாடிக் காட்டணும். ரெண்டாங் குரலு நிக்கலைன்னா அத நான் கீபோர்டுலயே வாசிச்சுக்கிறேன். நீங்க பழைய எடத்துலயே நின்னு பாடிடுங்க. வருத்தப்படக் கூடாது, சரியா?"

தலையாட்டினேன். இப்போதே வருத்தமாக இருந்தது.

எனக்குச் சுரமும் தெரியாது, கோடு போட்ட தாளும் தெரியாது. காதில் விழுந்தால் வாயில் வரும், அவ்வளவுதான். மாஸ்டரிடம் பழைய பயிற்சி ஒன்றின் ஒலிப்பதிவு இருந்தது. பெங்களூருக்குப் போனவர் கீழேயும் மற்றவர்கள் மேலேயும் பாடியது. "அடியில கெடக்கும், தேடிக் கேளுங்க" என்று கொடுத்தார். பாலக்கரையில் ஒரு பிரவுசிங் சென்டரில் கொடுத்து அதை என் எம்பி3 பிளேயரில் ஏற்றிக்கொண்டேன். பிளேயர் என் தம்பி சென்னையிலிருந்து வாங்கி வந்தது. தீப்பெட்டி அளவுதான் இருக்கும். அதோடு வந்த இயர்போன் அப்போது எங்களுக்குப் புது ரகம். முன்பெல்லாம் பஞ்சு உறை போட்டுக் காதின் வாசலில் தொத்திக்கொண்டு நிற்குமே, அதில்லை. இது காதுக்குள்ளேயே போகும். நுனியில் குட்டிக் காளான் குடை மாதிரி ஒரு ரப்பர்.

மாட்டிக்கொண்டு கேட்டேன். தகரத்தின் மேல் அரிசியைக் கொட்டியதுபோல் இருந்தது. மேல் குரல் சன்னமாக, கொசுவாக. வார்த்தைகளில் 'ச'வும் 'ஷ'வும் மட்டும் ஊசியாகக் குத்தின. அடியில் கிடக்கும் என்றாரே, அடி என்றே ஒன்று இல்லை. சத்தத்தைக் கூட்டினேன். கொசு பெரிய கொசுவானது.

மூன்று நாள் இப்படியே. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மேசையில் எனக்குப் பக்கத்தில் வேலை பார்த்தது நல்லூர் அக்கா. நல்லூரிலிருந்து தினம் பஸ்ஸில் வருவார். அதனால் அந்தப் பெயர். நாலாவது நாள் அவருக்குப் பொறுக்கவில்லை.

"என்னாடி இது, பாட்டு கேக்குறவ மூஞ்சியா இது? பல்லு வலிக்காரி மாதிரி ஒக்காந்துருக்கிற. குடு இங்க."

பிடுங்கி மாட்டிக்கொண்டார். கொஞ்ச நேரம் தலையை ஆட்டினார்.

"நல்லாத்தான இருக்குது. மேல நெறைய பேரு பாடுறாங்க, கீழ ஒருத்தி தனியா போறா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கீழ ஒருத்தியா? எங்கக்கா?"

"தோ, இந்தா. நல்லா கொழகொழன்னு, கேழ்வரகுக் கூழு மாதிரி."

வாங்கி மாட்டினேன். கொசு. மறுபடி அவர் மாட்டினார். கூழு. அதே பெட்டி, அதே பாட்டு. அக்கா என் காதையே உற்றுப் பார்த்தார். பிறகு அதைக் கழற்றி என் காதில் மாட்டி, தன் மண் கையால் ரப்பரை இரண்டு பக்கமும் மெதுவாக அழுத்தினார்.

எங்கிருந்தோ ஒரு கதவு சாத்திக்கொண்டதுபோல் பால் மில் தூரப் போயிற்று. கீழே ஒரு குரல் எழுந்து வந்தது. கை எடுத்தார், போய்விட்டது.

"ஓட்ட அடையலடி. பாட்டு பூரா வெளிய ஓடிப் போயிடுது" என்றார் அக்கா. பானையில் விரிசல் பார்க்கிறவர் சொல்கிற மாதிரி.

அன்று சாயங்காலம் வீட்டில் அந்த இயர்போன் வந்த பெட்டியைத் தேடி எடுத்தேன். அதில் இன்னும் இரண்டு ஜோடி ரப்பர் இருந்தது. ஒன்று சின்னது, ஒன்று பெரியது. கிழிந்துபோனால் மாற்றுவதற்கு என்று நினைத்து ஊசிநூல் டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். அளவு பார்த்துப் போட்டுக்கொள்ளத்தான் கொடுத்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. இடது காதுக்குப் பெரியது கச்சிதமாக உட்கார்ந்தது. காதை மேலே லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு திருகி வைத்தால் இன்னும் நன்றாக உட்காருகிறது என்பதையும் கண்டுபிடித்தேன். வலது காது மட்டும் வழிக்கு வரவில்லை. பெரியது வைத்தால் பத்து நிமிஷத்தில் வலி. நடு அளவு வைத்தால் சும்மா இருக்கும்வரை சரி. பாட வாயைத் திறந்தால் தாடை அசைந்து ரப்பர் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். சின்னது நேராக மடியில் விழுந்தது.

இடது காதில் மட்டும் வைத்துக் கேட்டுப் பார்த்தேன். ஒரு காதில் கூழு, மறு காதில் பால் மில். மில் ஜெயித்தது.

மறுநாள் அக்காவிடம் சொன்னேன். "ரெண்டு காதும் ஒரே மோல்டுல ஊத்துனது இல்லடி. மோல்டு அண்ணங்கிட்ட காட்டு."

மோல்டு அண்ணன்தான் எங்கள் பட்டறையில் மாதிரிப் பொம்மை செதுக்கி, அதற்குப் பிளாஸ்டரில் மோல்டு எடுப்பவர். எல்லா யானைக்கும் முதல் யானை அவர் கையில் பிறந்தது. அதிகம் பேச மாட்டார். நான் விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்ததுமே ஒரு கையால் என் முகத்தை வெளிச்சப் பக்கம் திருப்பி, வலது காதைப் பார்த்தார். அப்புறம் இடது. அப்புறம் மறுபடி வலது.

"இது முட்டை மாதிரி இருக்குதும்மா. அந்த ரப்பரு வட்டம். முட்டை ஓட்டைய வட்டம் எப்படி அடைக்கும்?"

"பண்ண முடியுமாண்ணே?"

"மாதிரி மோல்டு எடுக்குற ரப்பர் மருந்து டப்பா அடியில கொஞ்சம் கெடக்குது. காதுக்கு எடுத்தா என்ன, மூக்குக்கு எடுத்தா என்ன."

அன்று மத்தியானம் நான் தலையைச் சாய்த்து ஒரு சாக்கின் மேல் படுத்துக்கொண்டேன். நூல் கட்டிய பஞ்சைக் காது வாசலில் அடைப்பாக வைத்துவிட்டு, வெண்ணெய் போல் பிசைந்த மண்ணை அதன் மேல் வைத்து விரலால் ஒத்தினார். மண் குளுகுளுவென்று இருந்தது. பூமி காதில் ரகசியம் சொல்ல வந்துவிட்டுச் சொல்லாமல் நிற்கிற மாதிரி. தூங்கிவிட்டேன் என்றே நினைக்கிறேன். "எந்திரிம்மா" என்றபோது அவர் உள்ளங்கையில் சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு மண் துண்டு இருந்தது. என் காதுக்குள் இருந்த இடத்தின் உருவம். பட்டாணி முளைவிட்டதுபோல் ஒரு பக்கம் வளைந்திருந்தது. இருபத்தொன்பது வருஷமாக நான் இதைச் சுமந்து திரிந்திருக்கிறேன்.

மண் காய்ந்து, பிளாஸ்டர் ஊற்றி, பிளாஸ்டர் காய்ந்து, ரப்பர் ஊற்றி, ரப்பர் இறுக ஏழு நாள் ஆயிற்று. நடுவில் சத்தம் போகவும் இயர்போன் நுனியில் செருகவும் பேனா ரீஃபில் குழாயில் ஒரு துண்டு வைத்திருந்தார். அந்த ஏழு நாளும் நான் விரலால் காதை அழுத்திக்கொண்டே கேட்டேன். இரண்டு அடிதான் பிடிபட்டது. அதற்குள் கை மரத்துப்போகும். அந்த ஞாயிறு மாஸ்டர் கண்ணாலேயே "எப்படி?" என்று கேட்டார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

ரப்பர் வந்த அன்று ஃபினிஷிங் மேசையே எழுந்து வந்துவிட்டது. நான் காதை இழுத்துப் பிடித்து வைத்தேன். போகவில்லை. திருகினேன். போகவில்லை. அக்கா வந்து அழுத்திப் பார்த்தார்.

"பெருசா இருக்குதுண்ணே" என்றேன்.

அண்ணன் கொஞ்சமும் கவலைப்படாமல், "சுட்டா சரியாப் போயிடும்மா" என்றார்.

வெளியூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டும். எங்கள் தொழிலில் மண் சுருங்கும். காயும்போது கொஞ்சம், சூளையில் இன்னும் கொஞ்சம். ஆகவே எந்த மாதிரியைச் செதுக்கினாலும் வேண்டிய அளவைவிடக் கூட்டித்தான் செதுக்க வேண்டும். பத்து அங்குல யானை வேண்டுமென்றால் பதினோரு அங்குலத்துக்கும் மேலே. இருபது வருஷம் அப்படியே செதுக்கிய கை, என் காது மண்ணையும் சும்மா விடவில்லை. சுருங்குவதற்காக மேலே ஒரு பூச்சு மண் கூட்டித் தடவி, அப்புறம்தான் மோல்டு எடுத்திருக்கிறது. ரப்பர் எந்தச் சூளைக்குப் போகப்போகிறது?

அண்ணன் முகத்தில் அது மெதுவாக விடிந்தது. தன் வலது கையைத் தூக்கி, யாரோ தெரியாத ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"நான் கூட்டலம்மா. இது கூட்டிடுச்சு."

முதலில் சிரித்தது நல்லூர் அக்கா. அப்புறம் அந்தக் கொட்டகையே சிரித்தது. "அவளையும் சேத்துச் சூளைல வச்சுடுண்ணே, சரியா உக்காரும்" என்று யாரோ கத்தினார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே விரல் விட்டு எண்ணினேன். பாடிக் காட்டுகிற ஞாயிறுக்குப் பதினொரு நாள் இருந்தது. இன்னொன்று எடுக்க ஏழு நாள். மிச்சம் நாலு.

அண்ணன் அதைக் கவனித்திருக்க வேண்டும். அன்று சாயங்காலமே மறுபடி மண் எடுத்தார். சட்டைப்பையிலிருந்த சீப்பை எடுத்து இடது கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "இதப் புடிச்சிட்டிருந்தா அது சும்மா இருக்கும்" என்றார். வலது கை கூட்டுவதைத் தடுக்க இடது கையில் சீப்பு எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவருக்கு வேலை செய்தது.

இரண்டாவது ரப்பர் ஏழாம் நாள் மத்தியானம் என் காதுக்குள் ஒரு சொட்டு எண்ணெய் இறங்குவதுபோல் இறங்கியது. வலி இல்லை, அழுத்தம் இல்லை. ஒன்று வைத்திருக்கிறோம் என்ற நினைப்பே இல்லை. ஒயர் மட்டும் புடவையில் உரசி உள்ளே 'கர்ர், கர்ர்' என்றது. காது மாட்டல் சங்கிலியில் வேறு சிக்கிக்கொண்டது. அக்கா அதைக் காதுக்குப் பின்னால் சுற்றிக் கொண்டுபோய்ப் பின்னலுக்கு அடியில் ஒரு கிளிப் குத்தினார். கர்ர் நின்றது.

எதிரே பலகை பலகையாக வாத்துகள் காய்ந்துகொண்டிருந்தன, இன்னும் கண் வைக்காத வெள்ளை வாத்துகள். பால் மில் சுற்றுவது தெரிந்தது, சத்தம் இல்லை. யாரோ ஒரு கம்பளியை எடுத்து ஊர் மேல் போர்த்திவிட்டார்கள். அந்த அமைதியில் பாட்டு தொடங்கியது.

முதலில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். அது பாட்டில் இருந்த நாற்காலி. அதுவரை எனக்குக் கேட்காதது. பிறகு மூச்சு. பதினாறு பேர் ஒன்றாக உள்ளிழுத்த மூச்சு, அதில் நானும் இருந்திருப்பேன். பிறகு மேல் குரல்கள், இந்த முறை கொசுவாக இல்லை. ஒவ்வொன்றும் தன் இடத்தில் நின்றது. அதற்குக் கீழே அவள் வந்தாள். கோடையில் மணிமுத்தாற்று மணலைக் கையால் தோண்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் மணல் இருளும், விரல் நுனியில் ஈரம் படும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் ஊறிச் சத்தமில்லாமல் நிரம்பும். அப்படி. சத்தத்தைக் கூட்டவே தேவையில்லாமல் போயிற்று. பாதிக்கும் கீழே குறைத்து வைத்தேன்; குறைக்கக் குறைக்க அவள் பக்கத்தில் வந்தாள். மேலே எல்லோரும் ஏறும்போது அவள் ஏறவில்லை. வாசலில் நின்று வழியனுப்புகிற மாதிரி நின்றாள். அவர்கள் ஏறிப்போய் ஓய்ந்தபோது, அவள் ஒரே ஒரு படி இறங்கினாள். அந்த ஒரு படியில் பாட்டு முழுவதும் வேறாகிவிட்டது.

எவ்வளவு நேரம் கேட்டேனோ. முதலாளி எதிரே நின்று வாயசைப்பதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். "வாத்து பூரா ஒடஞ்சுடுச்சா?" என்று அவர் கேட்டிருக்கிறார். நான் ஆமாம் என்று சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறேன். அன்று அக்காதான் சமாளித்தார்.

நாலு நாள். வாத்தைத் துடைத்துக்கொண்டே அவளோடு சேர்ந்து பாடினேன். இரண்டு காதும் அடைத்திருந்ததால் என் குரல் எனக்கு ஊறுகாய் ஜாடிக்குள் தலையை விட்டுப் பாடுவதுபோல் கும்மென்று கேட்டது. என்ன குரல்! இப்படியொரு குரல் நமக்கு இருந்திருக்கிறதே என்று கண்ணில் தண்ணீர் வந்தது.

"ஏன்டி கத்துற? மில்லோட சண்டையா?" என்றார் அக்கா.

மூன்றாம் நாள் பாட்டு முழுக்க மனசில் நின்றது. நாலாம் நாள் தூக்கத்திலும் நின்றது.

ஞாயிறு வந்தது. பூசை முடிந்து, பீடத்து மெழுகுவர்த்தி அணைத்த வாசம் இருந்தது. மாஸ்டர் கீபோர்டில் கை வைத்தார், எல்லோரும் தொடங்கினார்கள், நானும் தொடங்கினேன். இரண்டாவது வரியில் காணாமல் போனேன்.

என் குரல் எங்கே? ஜாடிக்குள் கும்மென்று கேட்ட அந்தக் குரல் இல்லை. திறந்த காதில், அத்தனை பேர் நடுவில், அது ஒரு நூல். பிடிக்கப் பார்த்தேன், மேல் குரல் என்னைக் கைப்பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. எட்டு வருஷப் பழக்கம்.

"மறுபடி" என்றார் மாஸ்டர்.

மறுபடியும் போனேன்.

"பரவால்ல. இன்னும் ஒரே ஒரு தடவ. அப்புறம் விட்டுடலாம்" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

எனக்கு அப்போது புத்தி என்று ஒன்று இருந்ததாக ஞாபகமில்லை. கைதான் பைக்குள் போயிற்று. இயர்போனை எடுத்து, தலை முக்காட்டை இழுத்துவிட்டு, அதற்கடியில் வலது காதில் மட்டும் ரப்பரை வைத்தேன். இடது காது திறந்தே இருந்தது. பிளேயர் பையிலேயே கிடந்தது.

தொடங்கினார்கள். இடது காதில் எல்லோரும். வலது காதில் நான் மட்டும். இரண்டு அறைக்கு நடுவே இருக்கிற சுவராக ஆகிவிட்டேன். அந்தப் பக்கம் அவர்கள் ஏறினார்கள். இந்தப் பக்கம் நான் நின்றேன். அவர்கள் ஓய்ந்தார்கள், நான் ஒரு படி இறங்கினேன். கால் தரையில் பட்டது.

பாட்டு முடிந்ததும் மாஸ்டர் எழுந்து வந்தார். முக்காட்டுக்கு வெளியே ஒயர் தெரிந்திருக்கிறது.

"காதுல என்னாது?"

"ரப்பரு, மாஸ்டர்."

"பாட்டப் போட்டுக் கேட்டுக்கிட்டே பாடுனீங்களா?" அவர் குரல் தணிந்திருந்தது; மற்றவர்களுக்குக் கேட்க வேண்டாம் என்று நினைத்திருப்பார்.

நான் ஒயரைப் பிடித்து இழுத்து இழுத்து மறுமுனையை வெளியே எடுத்தேன். எதிலும் செருகாத பித்தளை முனை. அதை உள்ளங்கையில் வைத்து அவருக்குக் காட்டினேன்.

அவர் அதைப் பார்த்தார். என் காதைப் பார்த்தார். தன் ஆள்காட்டி விரலால் தன்னுடைய வலது காதை மூடிக்கொண்டு, அந்தக் கீழ் வரியை மெதுவாக முணுமுணுத்துப் பார்த்தார். விரலை எடுத்தார். மறுபடி மூடினார்.

"ஒயரு வேணாமே. ரப்பர மட்டும் கழட்டி, ஓட்டைல பஞ்ச அடச்சு வச்சுக்குங்களேன்" என்றார். "வர்ற ஞாயித்துக்கெழம, திருவிழா அன்னிக்கு, முன்வரிசைல வந்து நில்லுங்க. ரெண்டாவது மைக்கு ஒங்களுக்கு."

திருவிழா அன்று காலை வெயில் சீக்கிரமே ஏறிவிட்டது. தோரணமும் பலூனும் ஒலிபெருக்கியும் சனமுமாகக் கோயில் நிரம்பியிருந்தது. நல்லூர் அக்கா மஞ்சள் புடவையில் வந்திருந்தார். கோயில் அவருக்குப் பழக்கமில்லை, ஆனால் கூட்டம் பழக்கம். மோல்டு அண்ணன் கடைசித் தூணில் சாய்ந்து நின்றார். முதல் வரிசையில், மைக்குக்கு ஒரு முழம் தள்ளி நின்று நான் பாடினேன். வலது காதுக்குள் நான் இருந்தேன், இடது காதில் ஊர் இருந்தது. என்ன பாடினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கிணற்றுத் தண்ணீரில் மேகம் போவதைப் பார்த்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. மூன்றாம் அடியில் ஒரே ஒருமுறை, மேலே எல்லோரும் நீட்டிப் பிடித்த இடத்தில், எனக்கு மூச்சு முட்டியது. ஒரு கணம் நிறுத்தி, இழுத்துக்கொண்டு, மறுபடி சேர்ந்துகொண்டேன்.

பூசை முடிந்து வெளியே வந்தபோது அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அவர் வாயிலிருந்து வரப்போவது ஒன்றுதான் வேண்டியிருந்தது. கேட்டே விட்டேன்.

"எங்கொரலு கேட்டுச்சாக்கா?"

அக்காவுக்கு அடுத்தவர் மனசுக்காகப் பொய் சொல்லத் தெரியாது. யோசித்தார்.

"இல்லடி. ஒன்னயே பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தேன், ஒங்கொரலு தனியாவே கேக்கல." என் முகம் விழுந்ததைப் பார்த்தாரோ என்னவோ, என் கையைப் பிடித்தார். "ஆனா நடுவுல ஒரு எடத்துல நீ மூச்சு வாங்குன பாரு, அப்ப பாட்டு அப்படியே எளச்சுப் போச்சு. என்னடா இது, கரண்டு போயிடுச்சான்னு பாத்தேன். நீ வந்த ஒடனே சரியாப் போச்சு."

சொல்லிவிட்டு, பந்தி நிரம்புகிறது, பிரியாணி தீர்ந்துவிடும் என்று அண்ணனையும் இழுத்துக்கொண்டு ஓடினார். நான் அங்கேயே வெயிலில் கொஞ்ச நேரம் நின்றேன். யாரோ தோளைத் தட்டி, "ஏங்க, போன வாரம் பாடலியா நீங்க? பாட்டு என்னமோ மாதிரி இருந்துச்சே" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போனார்கள். போன வாரமும் நான் பாடியிருந்தேன், மூன்றாவது வரிசையில், மேலே.